தவளை சொன்ன 'போதும்'

அந்தக் காலத்தில், மேகமும் தவளையும் முகம் பார்த்துப் பேசிக்கொண்ட நாளில், ஒரு கரிச்சான் குருவி இருந்தது. அது செய்த வேடிக்கையைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சிரிப்பு வரும்.

அப்போது மழையை அளக்கிற வேலை தவளையுடையது. வெட்டவெளியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிரட்டை நிரம்பினால் குளமும் நிரம்பியதாகக் கணக்கு. அதுவரை "இன்னும், இன்னும்" என்று கத்தும். நிரம்பியதும் "போதும்" என்று ஒரே ஒரு தரம் சொல்லும். அந்தச் சொல்லை நம்பி மேகம் போய்விட்டால் அடுத்த வருஷம்தான் திரும்பும்.

கரிச்சானுக்கு யார் குரலும் தன் குரல்தான். ஒரு வருஷம் மழைக்கு முந்தி அது புங்கமரத்தில் மறைந்து உட்கார்ந்து, தவளை 'மாமா' என்று கூப்பிடும் ஆமையின் குரலை எடுத்தது.

"ஏலே தவளை, வெயில்ல வச்சா தண்ணி சுண்டிப் போகாதா? சிரட்டையை மரத்தடிக்குத் தள்ளுலே!"

"நீங்க சொன்னாச் சரிதான் மாமா" என்று தவளை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தது.

கரிச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டது. இவன் திருதிருவென்று விழிக்கும்போதல்லவா சிரிக்க வேண்டும்!

மழை வந்தது. மரத்தில் விழுந்த நீரெல்லாம் ஒரு கிளைக் கவட்டை வழியாக இறங்கிச் சிரட்டையில் கொட்டியது. குளம் ஒரு சாண் ஏறுவதற்குள் சிரட்டை நிரம்பி வழிந்தது.

"போதும்!"

"அதுக்குள்ளயா?" என்றது மேகம்.

"சிரட்டையைப் பாருங்க. என்னைக்காவது நான் தப்பாச் சொன்னதுண்டா?"

மேகம் போய்விட்டது. குளம் நாளுக்கு நாள் வற்றியது. கால் முளைக்காத தவளைக்குஞ்சுகள் கையளவு சேற்றுநீரில் நெருக்கியடித்துத் துடித்தன. மேலிருந்து பார்த்த கரிச்சானுக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. பதறிப்போய்த் தவளையின் குரலில் வானத்தைப் பார்த்துக் கூவியது: "இன்னும்! இன்னும்!"

வானம் வெறுமையாகக் கிடந்தது.

சிரட்டையருகே குந்தியிருந்த தவளை திடுக்கிட்டது. தன் குரல் மரத்திலிருந்து வருகிறதே! அந்நேரம் இலையில் தங்கிய பனித்துளி ஒன்று கவட்டையில் வழிந்து, சிரட்டைக்குள் 'டொப்' என்று விழுந்தது. தவளை மெல்ல நிமிர்ந்தது. கவட்டையைப் பார்த்தது. அதன்மேல் இருந்த கரிச்சானைப் பார்த்தது.

"அன்னைக்கு என்னைக் கூப்பிட்டது மாமா இல்லையா?"

கரிச்சான் கிளையின் மறுபக்கம் நகர்ந்து இலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் மழை அளக்கும் பாத்திரம் மரத்தின் பக்கமே போகாமல் வெட்டவெளியில் நிற்கிறது. தவளை 'போதும்' என்ற சொல்லை மறந்து 'இன்னும், இன்னும்' என்றே கத்துகிறது. எல்லார் குரலிலும் பேசுகிற கரிச்சானுக்குச் சிரிப்பு மட்டும் இன்னும் வரவில்லை.