கௌதாரி கேட்ட கரையான் புற்று

குளத்தங்கரைப் புதருக்குள் ஒரு கௌதாரியும் அதன் மனைவியும் குடியிருந்தன. பெண் கௌதாரி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை அது தண்ணீர் குடிக்க இறங்கியது. அப்போது வழியைப் பார்க்காமல் ஓடிவந்த காட்டெருமையின் குளம்பு அதன் சிறகில் பட்டுவிட்டது. காட்டெருமை நின்று, அடி பலமா என்று விசாரித்தது. அத்தனை பெரிய உடம்பை அத்தனை பக்கத்தில் பார்த்ததும் புதரிலிருந்து ஓடிவந்த ஆண் கௌதாரி பயந்துவிட்டது.

"பரவாயில்லை அண்ணே" என்று மட்டும் சொன்னது. காட்டெருமை போய்விட்டது.

மறுநாள் சிறகு வீங்கிவிட்டது. பெண் கௌதாரியால் இரை தேடப் போக முடியவில்லை. ஆண் கௌதாரி பகலெல்லாம் அலைந்து பொறுக்கியது ஒருவருக்கே போதவில்லை. அதையும் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, தான் வழியிலேயே தின்றுவிட்டதாகச் சொன்னது.

"வயிறு முதுகோட ஒட்டிக் கிடக்குது. யார்கிட்ட கதை விடுறீங்க?" என்றது மனைவி.

இப்படியே போனால் பசி தாங்காமல் மனைவி அடையை விட்டு எழுந்துவிடும். முட்டைகள் குளிர்ந்து போகும். ஆண் கௌதாரிக்கு அதுதான் கவலை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கவனமில்லாமல் ஒருவரைக் காயப்படுத்தியவர், காயம் ஆறும்வரை அவருடைய இரைக்கு வழி செய்ய வேண்டும். இது தெரிந்த நரி ஆண் கௌதாரியைத் தேடி வந்தது. இரண்டு சிறகும் ஒடிந்துவிட்டன, முட்டைகளும் நசுங்கிவிட்டன என்று காட்டெருமையிடம் சொல்லச் சொன்னது. கிடைப்பதில் பாதி தனக்கு என்றது.

"முதல்ல கூட்டைக் காட்டு மாப்பிள்ளை. சாட்சி சொல்றவன் கண்ணால பார்க்க வேணாமா?"

கௌதாரி மனைவியிடம் யோசனை கேட்டது. அந்த வலியிலும் அதற்குச் சிரிப்பு வந்தது.

"கூட்டைப் பார்த்த நரி சும்மாவா திரும்பிப் போகும்? பட்டது ஒரு சிறகு. அதை மட்டும் நீங்களே போய்ச் சொல்லுங்க. பயமா இருந்தா என்னை நினைச்சுக்குங்க."

நினைத்துக்கொண்டே போய்க் காட்டெருமையிடம் சொன்னது.

"அன்னிக்கு நீதானே பரவாயில்லைன்னே?" என்றது காட்டெருமை.

"சொன்னேன் அண்ணே. உங்களைப் பார்த்த பயத்துல சொன்னேன். இப்போ அவளுக்கு ஒரு சிறகு வீங்கிப் போச்சு. அது ஆறுற வரைக்கும் தினமும் எங்க புதர் பக்கம் ஒரு கரையான் புற்றை உடைச்சுக் கொடுங்க. அது போதும்."

காட்டெருமை தலையைத் தாழ்த்தியது.

"என்கிட்ட வந்து வலிக்குதுன்னு யாரும் சொல்றதில்லை தம்பி. அதனால எனக்குத் தெரியாமலே போயிடுது."

மறுநாள் அது புதருக்கு வந்தது. அடைகாக்கும் இடம் அதிரக் கூடாதென்று ஒவ்வொரு அடியாக மெல்ல வைத்து வந்தது. கொம்பால் புற்றைக் கிளறிவிட்டுத் தள்ளி நின்றது. ஆண் கௌதாரி அலகு நிறையக் கரையானை அள்ளிக்கொண்டு ஓடியது. மனைவியோ, கணவன் முதலில் தின்றால்தான் தானும் வாய் திறப்பேன் என்றது.

நரி வேறு யாருக்கு அடிபட்டது என்று தேடிப் போய்விட்டது.

சிறகு கொஞ்சம் கோணலாகத்தான் ஆறியது. ஆனால் குஞ்சுகள் பொரிந்தபோது அவை அத்தனையும் அதனடியில் அடங்கின.

பட்ட காயத்தைப் பயந்து மறைக்காமலும் ஆசைப்பட்டுப் பெரிதாக்காமலும் உள்ளபடி சொல்லிக் கேட்பவருக்கே நியாயம் கிடைக்கும்.