படத்துக்குப் போட்ட பூ

"இங்க நடக்குறா. வீட்டுல நடக்க மாட்டேங்குறா. ஏன் டீச்சர்?"

சோலையப்பன் கேட்டது ரெஜினா டீச்சரிடம். கால் இழந்த பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் மாட்டி நடக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். வயதில் அவருக்கு இளையவள்தான். ஆனாலும் அந்தப் பயிற்சிக் கூடத்துக்கு வருகிற தகப்பன்மார் எல்லோரும் அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்கள்.

டீச்சர் மோவாயால் கூடத்தின் மறுமூலையைக் காட்டினாள்.

அங்கே அவர் மகள், எட்டு வயதுக் குழலி, பந்தை விரட்டிக்கொண்டிருந்தாள். விழுந்தாள். எழுந்தாள். பந்தைப் பறித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"வாசப்படி ஏறினதும் காலக் கழட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிடுறா. அப்புறம் தவழுறதுதான். பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது. போக மாட்டேன்னு உக்காந்திருக்கா. இப்படியே மூலையில கெடந்துருவாளோன்னு பயமா இருக்கு டீச்சர்."

"வலிக்குதாமா?"

"இல்லையாம்."

"நீங்க மாட்டி விட்டுப் பாத்தீங்களாண்ணே?"

சோலையப்பன் தரையைப் பார்த்தார். அந்தச் செயற்கைக் காலை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. கூடத்துக்கு வரும்போது கட்டைப்பையில் போட்டுச் சுமந்து வருவார். பையின் காதை மட்டும் பிடித்துக்கொள்வார்.

"அவ அம்மா மாட்டுவா," என்றார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்."

வந்தாள்.

குழலியின் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். குழலி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே போர்வை. வெயில் காலத்தில் போர்வை!

எதிர்ச் சுவரில் ஒரு படம். கண்ணாடி போட்ட பெரிய படம். லாரி அவள் காலை எடுப்பதற்கு முந்தின வருஷம், பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்தது. பட்டுப்பாவாடையில், இடுப்பில் கைவைத்து, இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்றாள் குழலி. படத்தைச் சுற்றி மல்லிகைச் சரம். கீழே குட்டியாக ஒரு சிவப்பு பல்பு, பட்டப்பகலிலும் எரிந்தது.

பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். அந்த வீட்டில் பாசம்தான் ஆணி அடித்து, படம் மாட்டி, விளக்கும் போட்டிருந்தது.

டீச்சர் எழுந்தாள். படத்தின் முன்னால் போய்க் கைகூப்பினாள். கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

"பாவம். எப்பத் தவறிச்சுண்ணே?"

சோலையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன பேச்சு டீச்சர் இது? வாயக் கழுவுங்க. அது குழலி! இந்தா, முன்னாலதான உக்காந்திருக்கா!"

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"படத்துல இருக்கறது யாரு கண்ணு?"

"நல்லாருந்த பிள்ள," என்றாள் குழலி.

"இப்ப எங்க அவ?"

"செத்துப் போயிட்டா."

சாப்பிட்டாயா என்று கேட்டதற்குச் சாப்பிட்டேன் என்பதுபோலச் சொன்னாள்.

"வர்றவங்கல்லாம் அவளப் பாத்துத்தான் அழுகுவாங்க. நான் நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் வரும். ஒடனே அம்மா அவளப் பாத்து அழுகும். அதான் நடக்கல."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"அய்யோ, அப்படியில்ல டீச்சர்," என்றார் சோலையப்பன். "ஆசையில மாட்டினது. சாமி படத்துக்குப் பூப் போடுற மாதிரிதான்..."

"சாமிக்குப் போட்ட பூவா? அப்ப நல்லதுண்ணே. எடுத்துப் பிள்ள தலையில வச்சு விடுங்க."

சோலையப்பன் படத்தருகே போனார். சரத்தை எடுத்தார். காலையில் வாங்கிய பூ, வாடவில்லை. குழலி தரையில் நகர்ந்து வந்து, அவருக்கு முதுகைக் காட்டி, சடையை எடுத்துப் பின்னால் விட்டாள்.

கை போகவில்லை.

செத்தவர் படத்துப் பூவை ஊரில் யாரும் தலையில் வைப்பதில்லை. அதை அப்போது யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. கை தானாக நின்றது.

"வேணாம்ப்பா," என்றாள் குழலி, திரும்பாமலே. "அது அவ பூ."

சோலையப்பன் அழுதார். படத்தைப் பார்த்து அல்ல. தன் முன்னால் காத்திருந்த அந்தச் சின்ன முதுகைப் பார்த்து, வாய்விட்டு அழுதார்.

டீச்சர் மிச்ச மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவர் சிவப்பு பல்பை அணைத்தார். படத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கால் அகப்பட்டது. வெளியே இழுத்து, தோளில் கிடந்த துண்டால் அதன் தூசியைத் துடைத்தார்.

போர்வையை விலக்கினார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"மொதல்ல சாக்ஸுப்பா," என்றாள் குழலி.

சாக்ஸை மாட்டினார். தழும்பில் அவர் விரல் பட்டது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"இப்பக் கால உள்ள விடணும். இல்ல, அப்படி இல்ல. இன்னும் அழுத்து. ம், இப்ப வாரப் போடு."

வாரைப் போட்டார். கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. குழலி பயந்துபோய் அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

அவள் அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். பார்வை குழலி மேலேயே இருந்தது.

"எங்கப்பா போறோம்?"

"பூ வாங்க."