செத்தவ அறுத்த வயல்

ஆத்துக்கு அந்தப் பக்கம் கொழுமடைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். வெள்ளைக்காரன் கும்பினி ஆண்ட காலம், ஆனா அந்தப் பக்கத்துக்கு எல்லாம் ஜமீன் ராசாதான். அந்த ஊர்ல ஆண்டியப்பன்னு ஒரு சம்சாரி இருந்தாராம். அவருக்கு ரெண்டு மகன், பெரியவன் வைரவன், சின்னவன் தளவாய். ரெண்டு பேரையும் பெத்தவ சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டா. அப்புறம் மாடத்தின்னு ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்தாரு. அவளுக்குன்னு பிள்ளை இல்ல. அவ அந்த ரெண்டு பயகளையும் குளிப்பாட்டி, சோறூட்டி, ஆளாக்கி விட்டா.

ஆத்தங்கரையில மடைக்குப் பக்கத்துல ஒரு முள்ளுக்காடு கிடந்துச்சு. யாரும் கால் வைக்க மாட்டாக. மாடத்தி என்ன செஞ்சா, விடிஞ்சா போவா, முள்ளை வெட்டுவா, விடிஞ்சா போவா, வேரைப் பிடுங்குவா, விடிஞ்சா போவா, மண்ணைச் சுமந்து வரப்புப் போடுவா. அப்படியே வெட்டித் திருத்தி வெட்டித் திருத்தி அதை ஒரு வயலாக்கிட்டா. மடைவயலுன்னு பேராச்சு. ஊர்லயே அந்த மாதிரி வெளைச்சல் எங்கயும் கிடையாது.

ஆண்டியப்பனுக்கு உடம்பு தளந்துபோச்சு. ஊர்ப் பெரியவுகளக் கூப்பிட்டு, ரெண்டு மகனையும் நிக்க வச்சு, உயில் எழுதச் சொன்னாரு. "மேலக்காடு பெரியவனுக்கு. கீழக்காடு சின்னவனுக்கு. வீடு ரெண்டு பேருக்கும் பொது. மடைவயலும், வீட்டுல கிழக்கு அறையும், கறவைப் பசுவும் மாடத்திக்கு, அவ ஆயுசு வரைக்கும். அவளுக்குப் பின்னாடி மகனுக ரெண்டு பேரும் எடுத்துக்கிடட்டும்" அப்படின்னாரு.

வைரவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. "வயித்துல ஒரு பிள்ளை இல்லாதவளுக்கு நல்ல வயலாப்பா?" ன்னான்.

"அவ கை படாம அது வயலே இல்லலே" ன்னாரு ஆண்டியப்பன். அம்புட்டுத்தான் பேச்சு. கொஞ்ச நாள்ல அவரும் கண்ணை மூடிட்டாரு.

அப்புறம் என்ன, வைரவன் வந்து வந்து கேட்டுக்கிட்டே இருந்தான். "சின்னாத்தா, ஒனக்கு வயசாச்சு, வயலை என் பேருக்கு மாத்திக் குடு, நான் ஒனக்குச் சோறு போடுதேன்."

"எனக்குக் கை இருக்கு, கால் இருக்கு. சோறு நானே பொங்கிக்கிடுதேன்" ன்னா மாடத்தி.

அந்த வருசம் நெல்லு கதிர் விடுற நேரத்துல, மாடத்தி தங்கச்சி மக பிரசவத்துக்குன்னு மலையோரத்து ஊருக்குக் கிளம்பினா. ஆத்துல பரிசல் ஏறித்தான் போகணும். அவ போன அன்னைக்கே, அவ அக்கரை சேந்த பிறகு, அடுத்துப் போன பரிசல் சுழிச்சு கவுந்துபோச்சு. அதுல போனவுக நாலஞ்சு பேரு தண்ணியோட போயிட்டாக, உடம்பு கூடக் கிடைக்கல.

வைரவன் ஆத்தங்கரைக்கு ஓடினான். அங்க ஒரு உப்பு வண்டிக்காரன் நின்னான். "பயப்படாதீங்க, உங்க சின்னாத்தா முந்தின பரிசல்ல போயாச்சு, அக்கரையில இறங்கினதை நான் பாத்தேன்" ன்னான். நல்ல சேதிதானே? வேற ஒருத்தன்னா சாமியக் கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்திருப்பான். இவன் என்ன செஞ்சான், வண்டிக்காரனத் தனியா கூட்டிட்டுப் போய், "ஒன் மாட்டுக்கு ஒரு படப்பு வைக்கோல் தாரேன், நீ எதையும் பாக்கல" ன்னான். வண்டிக்காரன் வைக்கோல ஏத்திக்கிட்டுப் போனவன், அந்தப் பக்கமே வரல.

வீட்டுக்கு வந்தான், சின்னாத்தாவ ஆத்தோட போனதா ஆக்கிருவோம்னு தம்பிகிட்டச் சொன்னான். தளவாய் பயந்தாங்கொள்ளி, அண்ணன் சொன்னா சரிம்பான். ரெண்டு பேரும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதானுக. வைக்கோல்ல ஒரு பொம்மை செஞ்சு, மாடத்தி சேலையச் சுத்தி, பாடையில வச்சுத் தூக்கிட்டுப் போய்க் கொளுத்தினானுக. மொட்டை போட்டானுக. ஜமீன் அரண்மனைக்குப் போய், "எங்க சின்னாத்தா ஆத்தோட போயிட்டா மகராசா" ன்னு சொல்லி, மடைவயலை வைரவன் பேருக்கு எழுத வச்சானுக.

ஊர்ப் பொம்பளைக எல்லாம் வட்டமா உக்காந்து ஒப்பாரி வச்சாக. தளவாய் பொண்டாட்டி குருவம்மா மட்டும் சுவரோரமா நின்னா. "ஏன்டி, நீ அழலையா?" ன்னு கேட்டாக. "நான் பொணத்தைப் பாக்கல. வைக்கோலுக்கு என்னால அழ முடியாது" ன்னா. தளவாய்க்குக் கோவம் வந்துருச்சு, "இனிமே நீ மாட்டுத் தொழுவத்துல படு" ன்னு தள்ளிவிட்டான். அவளும் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டா, ஒரு வார்த்தை கெஞ்சல.

என்ன, தூங்கிட்டீகளா? இல்லையே? சரி, கேளுங்க.

கருமாதிச் சாப்பாடு. ஊரே பந்தியில உக்காந்திருக்கு. சோறு விழுந்து, குழம்பு விழுந்து, பாயாசம் வார நேரம். அப்பப் பாத்து, தலையில மூட்டையோட மாடத்தி வாசல்ல வந்து நிக்கா. தங்கச்சி மகளுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்த சந்தோசத்துல சீனிக் கருப்பட்டி வாங்கிட்டு வந்திருக்கா. "என்னலே, வீட்டுல என்ன விசேசம்?" ன்னு கேட்டா.

பாதிப் பேரு எந்திரிச்சு ஓடினாக. மீதிப் பேரு அவ காலைப் பாத்தாக. கால் தரையில இருந்துச்சு, புழுதியும் இருந்துச்சு.

 வைரவன் வாசலை மறிச்சுக்கிட்டு, "நீ செத்துட்ட சின்னாத்தா" ன்னான்.

"யாருலே சொன்னா?"

"அரண்மனையில எழுதியாச்சு. எழுதினது எழுதினதுதான். செத்தவுக வீட்டுக்குள்ள வரக்கூடாது, போயிரு."

மாடத்தி பந்தியப் பாத்தா. "ஏ சுப்பக்கா, நான் யாரு? ஏ பெரியவரே, நான் யாரு?" ன்னு கேட்டா. சுப்பக்கா இலையப் பாத்தா. பெரியவரு இலையப் பாத்தாரு. அவன் வீட்டுச் சோத்துல கைய வச்சிருந்தவுக எல்லாரும் இலையவே பாத்துக்கிட்டு இருந்தாக.

அவ அப்படியே திரும்பி அரண்மனைக்கு நடந்தா. அங்க கணக்குப்பிள்ளை, "மாடத்தி செத்துட்டா, நீ வேற யாரோ" ன்னு வாசலோட அனுப்பிட்டாரு. திரும்பி வந்து மடைக்கிட்ட உக்காந்தா. தான் வெட்டின வயலப் பாத்தா. கதிரு பால் பிடிச்சு நிக்கு. தான் வளத்த பய தன்னைப் பாத்து நீ செத்துட்டன்னு சொல்லிட்டானேன்னு அழுதா, மடைத் தண்ணி மாதிரி அழுதா. கொஞ்ச நேரம் கழிச்சு அழுகை நின்னுச்சு. அப்புறம் கோவம் வந்துச்சு. அப்புறம், என்னன்னே தெரியல, சிரிப்பு வந்துச்சு. "சரி. செத்தவளா இருந்துதான் பாப்போமே" ன்னு முந்தானைய உதறிக் கட்டிக்கிட்டு எந்திரிச்சா.

நேரா வீட்டுக்குப் போனா, பட்டப்பகல்ல. தொழுவத்துல குருவம்மா இருந்தா. "அத்தை, நீங்க வருவீகன்னு தெரியும்" ன்னு பசுவை அவிழ்த்து அவ கையில குடுத்தா. மாடத்தி தெரு வழியா ஓட்டிக்கிட்டுப் போறா. வைரவன் காவல்காரன்கிட்ட ஓடினான். "என் பசுவை ஓட்டிக்கிட்டுப் போறா, புடி."

"யாரு ஓட்டிக்கிட்டுப் போறா?"

"எங்க சின்னாத்தா."

"அவதான் செத்துட்டாளே. நான் கூட ஒங்க வீட்டுல சாப்பிட்டேனே" ன்னு காவல்காரன் கம்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

அப்புறம் ஒரு நாள் மடையத் திறந்து வயலுக்குத் தண்ணி விட்டா. வைரவன் நீர் பாய்ச்சுறவன்கிட்டப் போய்ச் சண்டை போட்டான். "யாரைக் கேட்டு மடையத் திறந்த?"

"நான் திறக்கல."

"பின்ன யாரு திறந்தா?"

"மாடத்தி திறந்தா. அவதான் செத்துட்டாளே, செத்தவள நான் எப்படித் தடுக்க?" ன்னு மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு அவன் போயிட்டான்.

அப்புறம் அறுப்புக் காலம் வந்துச்சு. மாடத்தி அரிவாள எடுத்துக்கிட்டு இறங்கிட்டா. கூட குருவம்மாவும் இறங்கிட்டா. வரப்புல நாலு பொம்பளைக நின்னு பாத்தாக. "செத்தவகிட்டக் கூலி வாங்கலாமா?" ன்னு ஒருத்தி கேட்டா. "செத்தவ குடுத்தாலும் நெல்லு நெல்லுதான், இறங்குடி" ன்னா இன்னொருத்தி. நாலு பேரு பத்துப் பேரு ஆச்சு. இலையப் பாத்த சுப்பக்காவும் தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்து அறுத்தா. அறுத்து, அடிச்சு, தூத்தி, நெல்லை மாடத்தி மடைக்கிட்டப் போட்ட குடிசைக்குக் கொண்டுபோயிட்டாக. வைரவன் வரப்புல நின்னு கத்தினான், கத்தினான், கத்திப் பாத்தான். ஒருத்தரும் திரும்பல.

அவன் அரண்மனைக்கு ஓடுறதுக்கு முன்னாடி அரண்மனையே அவனக் கூப்பிட்டுச்சு. என்னத்துக்குன்னா, வயலு அவன் பேருல இருக்கு, வெளைச்சல்ல ராசாவுக்குச் சேர வேண்டிய வாரத்தை அவன்தானே அளக்கணும்? அண்ணனும் தம்பியும் போய் நின்னாக. சபை நிறைஞ்சிருக்கு.

"வைரவா, மடைவயல் நெல்லு அறுத்தாச்சாமே. எங்க வாரம் எங்கே?" ன்னாரு ராசா.

"நான் அறுக்கல மகராசா."

"பின்ன யாரு அறுத்தா?"

"எங்க சின்னாத்தா."

"அவ ஆத்தோட போயிட்டான்னு நீதானே சொன்ன?"

"அது... அவ பேயா வந்து அறுத்துட்டா மகராசா."

"பேய் பட்டப்பகல்ல வருமா? கூலி அளக்குமா?" ன்னாரு ராசா. "எனக்கு அதெல்லாம் தெரியாது. வயலு ஒன்னது. மேலக்காட்டு வெளைச்சல அள்ளியாவது வாரத்தைக் கட்டு."

வைரவன் கணக்குப் போட்டுப் பாத்தான். மேலக்காட்டு வெளைச்சல் போனா வருசம் பூரா கஞ்சிக்கு என்ன செய்ய? "மகராசா, அந்த வயலு எனக்கு வேண்டாம், அது என்னது இல்ல, அவளோடது. அவ சாகல, உசுரோட இருக்கா. நாங்கதான் பொய் சொன்னோம்" ன்னு தரையில விழுந்தான். தம்பியும் பக்கத்துலயே விழுந்தான்.

ராசா மாடத்திய வரச் சொல்லி ஆள் அனுப்பினாரு. போன ஆள் சபையில நடந்ததை அவகிட்டச் சொன்னான். அவ வந்தா. வந்தவ கும்பிடாம நிமிந்து நின்னா.

"ஏன், ராசாவக் கும்பிட மாட்டியா?" ன்னு கணக்குப்பிள்ளை அதட்டினாரு.

"நான் செத்தவளா, இருக்கவளான்னு மொதல்ல சொல்லுங்க. செத்தவன்னா யாரையும் கும்பிட வேண்டியதில்ல. இருக்கவன்னா, இருக்கான்னு எழுதுங்க, கும்பிடுதேன்."

 ராசா கணக்குப்பிள்ளையத் திரும்பிப் பாத்தாரு. கணக்குப்பிள்ளை எழுதினாரு, வாசிச்சுக் காட்டினாரு. அப்புறம்தான் அவ கையெடுத்துக் கும்பிட்டா.

"சரி மாடத்தி. உயில்ல உள்ளபடி மடைவயலு ஒன் ஆயுசு வரைக்கும் ஒனக்கு. ஒனக்குப் பின்னாடி மகனுகளுக்கு. போயிட்டு வா" ன்னாரு ராசா.

அவ போகல. "இல்ல ராசா. எனக்குப் பின்னாடின்னு உயில்ல சொன்னது நடந்து முடிஞ்சாச்சு. எனக்குப் பாடை கட்டியாச்சு, கொள்ளி வச்சாச்சு, மொட்டை போட்டாச்சு, வயலும் அவன் கைக்குப் போயாச்சு. போனதை இப்ப உங்க முன்னாடி அவனே வேண்டாம், அது அவளோடதுன்னு சொல்லியாச்சு. என் வீட்டுக்காரரு குடுத்த ஆயுசை இவன் எரிச்சுட்டான். இப்ப இருக்கது என் சொந்த ஆயுசு. வயலும் என் சொந்த வயலு. யாருக்குக் குடுக்கணும்னு நான் சொல்லுவேன்."

 ராசா கணக்குப்பிள்ளைய ஏட்டை எடுக்கச் சொன்னாரு. "அவ சொல்லுத மாதிரியே எழுதும்" ன்னாரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் தண்டோராக்காரன் பின்னாடி நடக்க வச்சு, ஊரு ஊரா, "எங்க சின்னாத்தா சாகல, நாங்கதான் பொய் சொன்னோம்" ன்னு சொல்ல வச்சாரு.

"ஒனக்கு வேற என்ன வேணும்?" ன்னு கேட்டாரு.

"என் கருமாதிச் சோத்தைத் தின்னவுக எல்லாரும் ஒரு நாள் என் வயல்ல களை எடுக்கணும்" ன்னா மாடத்தி.

அடுத்த நடவு முடிஞ்சதும் எடுத்தாக. பெரியவரு கூட வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினாரு. மாடத்தி வரப்புல நின்னு, "அது களையில்ல பெரியவரே, நெல்லு, நல்லாக் கண்ணைத் திறந்து பாருங்க" ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம்.

மடைவயலை அவ குருவம்மா பேருக்கு எழுதி வச்சா. குருவம்மாவும் அவளோடயே குடிசையில இருந்துக்கிட்டா. தளவாய் வந்து குடிசை வாசல்ல நின்னு, "பொண்டாட்டி இல்லாம நான் எங்க போக?" ன்னான். "ஏர் பிடிக்கத் தெரியும்லா? பிடி. ராத்திரி தொழுவத்துல படு. மத்ததை ஒன் பொண்டாட்டி முடிவு பண்ணட்டும்" ன்னா மாடத்தி. குருவம்மா மூணு அறுப்பு முடிஞ்ச பிறகுதான் அவன குடிசைக்குள்ள விட்டா.

வைரவன் மேலக்காட்டோட தனியாக் கிடந்தான். அந்த ஊர்ல அதுக்குப் பிறகு அவன் பேச்சை யாரும் நம்பல. மழை பெய்யுதுன்னு அவன் சொன்னாக் கூட, வெளியே கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் துணிய எடுப்பாக. மாடத்தி ரொம்ப வருசம் இருந்தா. ஊருக்குள்ள போறப்ப அவன் வீட்டு வழியாத்தான் போவா, சுத்திப் போக மாட்டா.

உசுரோட இருக்கவள இல்லன்னு எவனாவது சொன்னா, அவன் கண்ணு முன்னாடி இருந்து காட்டணும் பிள்ளைகளா. மாடத்தி இருந்து காட்டினா. கொழுமடைக்காரவுக எல்லாரும் விளக்கை அமத்திட்டாக, நீங்களும் கண்ணை மூடுங்க.