ஷூ எங்கன்னு கேட்ட ராசா

ஒரு ஊர்ல ஒரு ராசா பொறந்தாரு. நாடு கிடையாது, யானை கிடையாது. ரெண்டு பாதமும் உள்பக்கமா மடங்கி ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருந்துது. ம் சொல்லு.

உடனே ஊரே டாக்டராயிடுச்சு. முதல்ல ராசாவோட பெரியத்தை எஸ்தர் வந்தாங்க. கிரகணத்தன்னிக்கு அம்மாக்காரி காய் நறுக்கியிருப்பான்னாங்க. ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவங்களுக்குச் சூரியன் மேல அவ்ளோ பயம். அப்புறம் எதிர்வீட்டு சார் வந்து, நடக்க ஆரம்பிச்சா தானா நிமிர்ந்துடும்னாரு. அவர் வீட்டு கேட்டு வருஷக்கணக்கா கோணலாத்தான் நிக்குது, அது தானா நிமிரல.

அம்மா ராசாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. அங்க டாக்டரம்மா கத்தியே எடுக்கல. கையாலயே பாதத்தைக் கொஞ்சமாத் திருப்பி, தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டாங்க. அடுத்த வாரம் பிரிச்சு, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. ராசா வீல்வீல்னு கத்துவாரு, கட்டுக்காலால தொட்டில்ல டொம்டொம்னு இடிப்பாரு. வாரா வாரம் இதே கூத்துதான். ம்?

அப்புறம் பாதம் நேராச்சு. ஆனா தூங்குறப்போ ஒரு கம்பியோட ரெண்டு முனையிலயும் மாட்டுன ஷூ போடணும், நாலு வயசு வரைக்கும். விட்டா பாதம் பழையபடி திரும்பிடும். மறுபடியும் முதல்லேருந்து மாவுக்கட்டுதான். அதனால அம்மா ஒரு ராத்திரி கூட ஷூவை மாட்டாம விட்டதில்ல.

ராசாவுக்கு ரெண்டரை வயசு. அப்போ வீட்டுல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வந்து தங்குனாங்க. ராத்திரி ராசா தூங்குனதும் பெரியத்தை வந்து ஷூ வாரைப் பிடிச்சாங்க.

"கழட்டுனா கால் திரும்பிடும் அண்ணி"ன்னா அம்மா.

"கால்தான் நேராயிடுச்சே. நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

சரக்குனு உருவி, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்க. அம்மா சொல்லிப் பாத்தா, யாரு காதுலயும் விழல.

கொஞ்ச நேரத்துல ராசா முழிச்சாரு. காலை ஆட்டிப் பாத்தாரு, லேசா இருந்துது. "ஷூ எங்க?"

பெரியத்தை முறுக்கு குடுத்தாங்க. விட்டெறிஞ்சாரு. போன்ல பாட்டு போட்டாங்க. தள்ளிவிட்டாரு. அப்புறம் தோள்ல போட்டுத் தட்டுனாங்க. அப்போ ராசா விட்டாரு பாரு ஒரு ஓலம்! மாப்பிள்ளை வீடு மொத்தமும் எழுந்து வந்து சுத்தி நின்னுடுச்சு. யாரு பாக்கக்கூடாதுன்னு ஒளிச்சாங்களோ, அவங்க முன்னாடியே பெரியத்தை பட்டுச்சேலையோட கட்டிலுக்கு அடியில தவழ்ந்து ஷூவை எடுத்தாங்க.

ராசா காலை நீட்டுனாரு.

"அது அந்தக் கால் அத்தை. மாத்திப் போடுறீங்க."

அம்மாவா? வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. ஒத்தாசைக்குப் போகல.

உன் ஷூவுக்கும் வார் மாட்டியாச்சு, கதைக்கும் மாட்டியாச்சு. கண்ணை மூடு.