மூன்று கிட்டார்களும் ஒரு தூளியும்

“நான் வாசிக்கறது யாருக்கும் கேக்கல, டீச்சர்,” என்றார் தணிகாசலம்.

“மொதல்ல உக்காருங்கண்ணே. மூச்சு வாங்குது பாருங்க,” என்றார் ஹெப்சிபா.

வாங்காமல் என்ன செய்யும்? இரண்டு மாடிப் படிகள். மூன்று கிட்டார்கள். தோளுக்கொன்றாக இரண்டு தொங்க, மூன்றாவதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஏறி வந்திருந்தார்.

தணிகாசலம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். தலை முழுவதும் நரைத்தவர். ஹெப்சிபாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பெரம்பூரில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஹெப்சிபா பேஸ் வாசித்தார். பேஸ் வாசிப்பவர்களுக்குத் தீராத சந்தேகம் வந்தால் ஹெப்சிபா வீட்டு மாடிக்குத்தான் போவார்கள். அங்கே வயதை யாரும் பார்ப்பதில்லை.

பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நான்கே தந்திகள். நான்கும் தடித்தவை. மற்ற வாத்தியங்கள் பாட்டோடு பாடும். இது கீழே நின்றுகொள்ளும்.

“கேக்கலன்னு யார் சொன்னது?”

“கோதண்டம் சார். எங்க குழுத் தலைவர். ‘பேஸ் எங்கய்யா, காணோம்?’னு ஒவ்வொரு கச்சேரியிலயும் கேக்கறார். நாளைக்கு ஓட்டேரியில அம்மன் கோவில் கச்சேரி. ‘அதோட போதும் தணிகா. அடுத்த வாரத்துலேர்ந்து கீபோர்டு பிரேம் இடது கையால பேஸையும் பாத்துப்பான். வேன்லயும் ஒரு சீட்டு மிச்சம்’னுட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து அந்த சீட்டுலதான் உக்காந்துட்டுப் போறேன். ஜன்னலோரம்.”

ஹெப்சிபா மூன்று கிட்டார்களையும் பார்த்தார்.

“சரி. அதுக்கு மூணு கிட்டார் எதுக்கு?”

“நாளைக்கு ஒரு கச்சேரிதான் மிச்சம். மூணுல எது ஒசத்தின்னு நீங்க சொல்லிடுங்க. அதை வெச்சு வாசிச்சுக் காட்டிடறேன்.”

“பொண்ணு பாக்கப் போனவரு, மூணு பொண்ணையும் கையோட கூட்டிட்டு வந்துட்ட மாதிரி இருக்கு.” ஹெப்சிபா பாயை விரித்தார். “திறங்க, பாப்போம்.”

மூன்றுக்கும் ஒரே மாதிரியான கறுப்பு உறை. தணிகாசலம் முதல் உறையைத் திறந்தார்.

“இது பிரிசிஷன். அறுபதுகள்ல செஞ்சது. பாருங்க, நடுவுல ஒரே பிக்கப்.”

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தம். அது இரண்டு துண்டாகி, ஒன்று சற்று மேலும் ஒன்று சற்றுக் கீழுமாக உட்கார்ந்திருந்தது.

“கழுத்து அகலம். வாசிச்சா, தேக்குக் கதவுல முட்டியால தட்டின மாதிரி இருக்கும். அதிகம் பேசாது. சொன்னா சொன்னதுதான்.”

ஹெப்சிபா அதை வாங்கினார். ஒலியைப் பெருக்கும் ஆம்பில் மாட்டவில்லை. மரத்தின் மேல் தாடையை வைத்து, தடித்த தந்தியை ஒருமுறை மீட்டினார். கண்களை மூடிக்கொண்டார். சத்தம் தேய்ந்து முடியும்வரை திறக்கவில்லை.

“ஆஹா,” என்றார் மெல்ல.

தணிகாசலத்துக்குத் தெம்பு வந்தது. இரண்டாவது உறை திறந்தது.

“இது ஜாஸ் பேஸ். கழுத்து ஒல்லி, விரல் தானா ஓடும். ரெண்டு பிக்கப். பின்னாடி இருக்கறதை மட்டும் திறந்தா மூக்கால பேசும். ரெண்டையும் திறந்தா தொண்டையைச் செருமிட்டு வந்து உக்காரும். ஓடி ஓடி வாசிக்கற பாட்டெல்லாம் இதுல சுகம்.”

மறுபடியும் தாடை. மறுபடியும் மூடிய கண்கள். மூன்றாவது உறை திறந்தது.

“இது பிடில் மாதிரி உடம்பு. உள்ள ஒண்ணுமில்ல, காலி. தூக்கிப் பாருங்க, தலகாணி மாதிரி இருக்கும். தந்தியும் குட்டை. ‘டும்’னு ஒரு வார்த்தை சொல்லும், உடனே வாயை மூடிக்கும். பானையில தட்டின மாதிரி.”

பேசப் பேச அவர் முகத்திலிருந்து கவலை இறங்கிவிட்டது. எதற்காக வந்தோம் என்பதையே மறந்தவர்போல மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவ்ளோ தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எங்கிட்ட கேக்கறீங்களே,” என்றார் ஹெப்சிபா.

“உங்களுக்கு எது பிடிச்சுது? அதையாவது சொல்லுங்க.”

“ஒல்லிக் கழுத்து.” ஹெப்சிபா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “என் கை சின்னது.”

“அப்ப அதுதான் ஒசத்தி.”

“என் கைக்கு.”

“மத்தவங்க கைக்கு?”

“மத்தவங்க கை எங்கிட்ட இல்லையேண்ணே.”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

“என் கை மூணையும் நல்லாருக்குங்குது, டீச்சர். கோதண்டம் காதுதான் ஒண்ணையும் ஒத்துக்க மாட்டேங்குது. நான் என்னதான் பண்ணல? தந்தியைப் புதுசா மாத்தினேன். டோன் திருகை முழுசாத் திருப்பி வெச்சேன். ஒண்ணு வாசிக்கற இடத்துல நாலு வாசிச்சேன். டிரம்ஸ் பக்கத்துலேர்ந்து கிளம்பி, மேடை முன்னாடியே வந்து நின்னுட்டேன்.”

“அப்ப என்ன சொன்னார்?”

“‘தணிகா, மறைக்காத, தள்ளு’ன்னார்.”

ஹெப்சிபா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. தணிகாசலமும் சிரித்துவிட்டார். பிறகு இருவரும் நிறுத்தினார்கள். நாளைக்குப் பிறகு அந்தச் சீட்டு இல்லை.

கீழ்த்தளத்து ஹாலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை மாலை. பாடகர் குழு பழகுவதற்காகக் கூடிக்கொண்டிருந்தது.

ஹெப்சிபா எழுந்தார்.

“மூணையும் கீழ எடுத்துட்டுப் போறேன். நான் அவங்களோட வாசிக்கறேன். நீங்க தெருவுல இறங்கி நடங்க. எந்த இடத்துல பேஸ் கேக்காமப் போகுதோ, அங்கேர்ந்து திரும்பி வாங்க.”

“மூணுல எதை வாசிப்பீங்க?”

“நடங்கண்ணே.”

தணிகாசலம் வாசலில் நின்றார். பாட்டு தொடங்கியது. பெண்கள் பாடினார்கள். ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆர்மோனியம் கேட்டது, டிரம்ஸ் கேட்டது, அடியில் பேஸ் கேட்டது.

பிரிசிஷனா, ஜாஸா, பிடிலா? காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்.

மளிகைக் கடையைத் தாண்டியதும் பாட்டின் சொற்கள் கரைந்துபோயின. மெட்டு மட்டும் வந்தது.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் ஆர்மோனியமும் டிரம்ஸும் போயின.

தெரு ஓரிடத்தில் வளைந்தது. பெண்களின் குரல் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கொஞ்ச தூரத்தில் ஆண்களின் குரலும் நின்றது.

பேஸ் மட்டும் வளைவில் திரும்பி அவரோடு வந்தது.

தணிகாசலம் நின்றார்.

பக்கத்தில் பூட்டிக் கிடந்த கடையின் இரும்பு ஷட்டர் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். ஷட்டர் நடுங்கியது. தூங்கும் யானையின் வயிற்றில் கை வைத்ததுபோல் இருந்தது.

கையை எடுக்க மனமில்லாமல் எடுத்தார். நடந்தார்.

வேப்ப மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. கரிப் பெட்டி ஒரு சட்டையின் மேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார். பிறகு உற்றுப் பார்த்தார். பேஸின் ஒவ்வொரு அடிக்கும் பெட்டி ஒருமுறை திரும்பியது.

“அண்ணே, அங்க பாட்டு நடக்குதே, கேக்குதா?”

“எங்க?”

“பின்னாடித் தெருவுல.”

இஸ்திரிக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “ஒண்ணும் கேக்கலியே சார்.”

பெட்டி அதே தாளத்தில் போய் வந்தது.

எதிர் வீட்டின் கதவு திறந்திருந்தது. உத்தரத்தில் தூளி. ஒரு பெண் தூளியின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே வெங்காயம் உரித்தாள். தூளி போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. அவளும் எதையும் கேட்பவள்போல் தெரியவில்லை.

தூளியும் அதே தாளத்தில்தான் ஆடியது.

அப்போது பேஸ் நின்றது.

எல்லைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தார். ஆனால் அவர் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்கவில்லை.

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“கரண்டு போயிடுச்சா?”

“இல்லியே, லைட்டு எரியுதே,” என்றாள் அந்தப் பெண். அவள் கால் அசையவில்லை. கையில் பாதி உரித்த வெங்காயம். “என்னமோ நின்ன மாதிரி இருந்துச்சு.”

தூளிக்குள் குழந்தை வீறிட்டு அழுதது.

தெருவில் எல்லோரும் ஒரு கணம் எதையோ தேடுபவர்கள்போல் நின்றார்கள்.

பிறகு காலடியில் தரை மெல்லத் தட்டியது.

பெட்டி சட்டையின் மேல் இறங்கியது. கயிறு அசைந்தது. அழுகை விம்மலாகி, விம்மல் தூக்கமாகியது.

தணிகாசலம் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்தது தெரியாமல் இன்னும் நின்றார்.

அவர் திரும்பி வந்தபோது ஹெப்சிபா ஹால் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று கிட்டார்களும் உறைக்குள் போய், சுவரில் சாய்ந்திருந்தன.

“எது வரைக்கும் கேட்டுது?”

“யாருக்கும் கேக்கல, டீச்சர்.”

“உங்களுக்கு?”

தணிகாசலம் வாசல் படியில் உட்கார்ந்தார்.

“நடுவுல நிறுத்தினீங்களே?”

“ஆமா. பாட்டுல அந்த இடத்துல எனக்கு வேலை இல்ல.”

“ஒரு குழந்தை எழுந்துடுச்சு, டீச்சர்.”

ஹெப்சிபா டம்ளரைக் கீழே வைத்தார்.

ஆட்டோவில் மூன்று உறைகளையும் ஏற்றிப் பாதி வழி போனபிறகுதான், எது உயர்ந்தது என்று கேட்காமல் வந்துவிட்டது தணிகாசலத்துக்கு நினைவு வந்தது. ஆட்டோக்காரரிடம் திருப்பச் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லவில்லை.

மறுநாள் மாலை வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. கைக்கு வந்த உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“கடைசி நாளு. எந்த மகாராணியை அழைச்சிட்டு வந்திருக்கீங்க?” என்றான் கீபோர்டு பிரேம். வழக்கமாக இந்தக் கேள்விக்குத் தணிகாசலம், கிட்டார் பிறந்த வருடம் முதல் தந்தியின் தடிமன்வரை சொல்வார். வேன் ஓட்டேரி போய்ச் சேரும்வரை சொல்வார்.

அன்று ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டேரியில் கூட்டம். வேப்பிலைத் தோரணம், சீரியல் விளக்குகள், கூழ் வாசனை. தணிகாசலம் பின்னால் போய் டிரம்ஸ் பக்கத்தில் நின்றார். டோனைக் குறைத்தார். கூட்டத்துக்கு அப்பால், விளக்குகள் முடிகிற இடத்தில், ஒருவர் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். நாலு வாசித்த இடத்தில் ஒன்று வாசித்தார்.

‘பேஸ் எங்கய்யா?’ என்று கோதண்டம் அன்று கேட்கவில்லை.

மூன்றாவது பாட்டு. இரண்டாவது சரணத்தில் பாடகி குரலை இறக்கி ஒரு வரியைக் கிட்டத்தட்டப் பேசினாள். அந்த வரி மிகவும் மெல்லியது. அங்கே தனக்கு வேலையில்லை என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. விரலை எடுத்தார்.

பாடகி திரும்பிப் பார்த்தாள்.

மேடை ஓரத்தில் நின்ற கோதண்டம் சட்டென்று தலையைத் தூக்கி, சீரியல் விளக்குகளைப் பார்த்தார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆம்பைப் பார்த்தார். அதன் சிவப்புப் புள்ளியும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார்.

வரி முடிந்தது. தணிகாசலம் அடித் தந்தியைத் தொட்டார்.

மேடைப் பலகை நடுங்கியது. தூரத்தில், அப்பாவின் தோளில் கிடந்த பிள்ளை தலையைத் திருப்பிப் படுத்துக்கொண்டது.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது கோதண்டம் பக்கத்தில் வந்து நின்றார். மென்ற வெற்றிலையை ஓரமாகத் துப்பினார்.

“அடுத்த வாரம் திருவொற்றியூர்,” என்றார். “வேன் நாலு மணிக்கு வந்துடும். பிரேம்கிட்ட சொல்லிட்டேன். அவன் இடது கையை அவனே வெச்சுக்கட்டும்.”

“சரிங்க.”

கோதண்டம் போகவில்லை.

“தணிகா. இன்னைக்கு எந்த கிட்டார்யா அது?”

தணிகாசலம் குனிந்து பார்த்தார்.