செம்பி விதைக்காத நாலு வரிசை

கரட்டுக்காட்டில் செம்பி என்ற முயல் பருத்தி பயிரிட்டு வந்தது. பனிக்காலத்தில் அதன் குட்டிகளுக்கு அந்தப் பஞ்சுதான் மெத்தை. ஆனால் வருஷாவருஷம் புழுக்கள் காயைத் துளைத்துப் பாதியைத் தின்றுவிடும்.

ஒருநாள் கரிச்சான் குருவி புது விதை கொண்டுவந்தது.

"இந்தச் செடி முழுக்கப் புழுவைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது. உன் குட்டிகளை ஒன்றும் செய்யாது. ஆனால் வரப்போரம் நாலு வரிசை பழைய பருத்தியையே போடு. அதைப் புழுக்களுக்கு விட்டுவிடு" என்றது.

"நான் புழுவுக்கு விருந்து வைக்க வேண்டுமா? நன்றாக இருக்கிறதே" என்று சிரித்தது செம்பி.

"கேள். நஞ்சைத் தாங்கும் புழு எங்காவது ஒன்றிரண்டு இருக்கும். அது வளர்ந்து பூச்சியானதும், பழைய பருத்தியில் வளர்ந்த சாதாரணப் பூச்சியோடு சேர வேண்டும். அப்போதுதான் அவற்றின் பிள்ளைகள் நஞ்சுக்குப் பலியாகும். தாங்குகிற இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டால் வம்பு."

கரிச்சான் பறந்து போனதும், செம்பி வரப்பு வரைக்கும் புது விதையையே ஊன்றியது.

அந்த வருஷம் புழுக்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. செம்பி காடெங்கும் பெருமை பேசியது. இரண்டே இரண்டு புழுக்கள் மட்டும் பிழைத்துப் பூச்சிகளாகிச் சந்தித்துக்கொண்டன.

"நீ எப்படித் தப்பினாய்?" என்று கேட்டது ஆண் பூச்சி.

"கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது, சரியாகிவிட்டது. நீங்கள்?"

"எனக்கு வெறும் ஏப்பம்தான்."

வேறு வரனும் இல்லை. கல்யாணம் முடிந்தது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் பிறந்தன. எல்லாம் தாய் தகப்பனைப் போலவே இருந்தன.

மூன்றாம் வருஷம் செம்பி ஒரு காயைப் பிளந்தது. உள்ளே கொழுகொழுவென்று ஒரு புழு.

"உனக்கு நஞ்சு உறைக்கவில்லையா?"

"காரம் கொஞ்சம் தூக்கல்தான். எங்களுக்கு இது பிறப்பிலேயே தாங்கும்" என்று மென்றுகொண்டே சொன்னது புழு.

செம்பி கரிச்சானிடம் ஓடியது. "இப்போது நாலு வரிசை போடட்டுமா?"

"போடலாம். அதில் வளர்க்கச் சாதாரணப் புழுவுக்கு எங்கே போவாய்?"

செம்பி வளைக்குத் திரும்பியது.

பனி கொட்டத் தொடங்கியது. காய்களையெல்லாம் புழு தின்றதில் வளையில் ஒரு பிடி பஞ்சுகூட இல்லை. குட்டிகள் நடுங்கின. செம்பி தன் வயிற்று முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி அவற்றுக்குப் படுக்கை போட்டது.

எதிரிக்குக் கொஞ்சமும் விடமாட்டேன் என்பவர், எதற்கும் சாகாத எதிரியைத் தாமே வளர்த்துவிடுவார்.