பத்தாவது நிமிடம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு ஐம்பத்தொன்று. வழக்கமாகத் தாடி குருவிடம் இருக்கும். இங்கே அது சீடரிடம் இருந்தது, அதுவும் நரைத்து.

குருவின் பெயர் ஜெனோவா. சூலூரில் ஒரு டயர் கடையின் மாடியில், கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துவந்தார். சீடர் ஏகாம்பரநாதன், இருபத்தைந்து வருஷம் வங்கிகளின் பெரிய கணினிகளுக்கு நிரல் எழுதியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, உள்ளங்கை அளவுக் கணினிகளைக் கற்க வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் சார், மேடம் என்றே அழைத்தார்கள். ஒருநாள் விளையாட்டாக அவர் ‘குருவே’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். அன்று மாலைவரை எல்லோருக்கும் டீ வாங்கிவரும் வேலை அவருக்குக் கிடைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது பல்லடம் பக்கம் இடி இறங்கியது. நாச்சிமுத்து என்பவரின் பொரிப்பகத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகிப்போனது. இயந்திரத்துக்குள் ஆறாயிரம் முட்டைகள் இருந்தன, வைத்துப் பதினெட்டாம் நாள். உள்ளே முப்பத்தேழரை டிகிரி நிற்க வேண்டும். நாற்பதில் கொஞ்ச நேரம் நின்றாலும் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். நாச்சிமுத்துவும் அவர் மனைவியும் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஹீட்டர் சுவிட்சைக் கையால் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

கருகிய பெட்டிக்குள் இருந்த பழைய ரகக் கணினி போர்டு இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. புது ரகம் ஒன்று கைவசம் இருந்தது, இன்னும் சின்னது. புதுப் பெட்டிக்குள் இணைப்புகளைப் பற்றவைக்கும் வேலையை ஜெனோவா எடுத்துக்கொண்டார். நிரலை ஏற்றுவது ஏகாம்பரநாதனின் பொறுப்பு. நிரல் அவர் எழுதியதுதான், இங்கே சேர்ந்த முதல் மாதத்தில். மூன்று வருஷமாக ஒரு புகார் வந்ததில்லை. நகல் எடுத்துப் போட்டால் தீர்ந்தது, மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறோம் என்று நாச்சிமுத்துவுக்குப் போனில் வாக்குக் கொடுத்தார்.

நகல் எடுத்துப் போட்டார். நிரலின் பெயரைத் தட்டினார்.

‘அப்படி ஒன்று இல்லை’ என்றது போர்டு.

பட்டியலைக் காட்டச் சொன்னார். நிரல் இருந்தது. பெயர் சரி, அளவு சரி, ஓடுவதற்கான அனுமதியும் சரி. மறுபடி தட்டினார். அப்படி ஒன்று இல்லை. அழித்துவிட்டு மறுபடி நகலெடுத்தார். இதையே ஒன்பது முறை செய்தார். பத்தாவது முறைக்குமுன் நாற்காலியைத் திருப்பினார்.

“மேடம், கண்ணெதிர்ல இருக்கிற ஒண்ணை இல்லைன்னு சொல்லுது. இது என்ன வேதாந்தமா?”

ஜெனோவா பற்றவைப்பதை நிறுத்தவில்லை.

“நம்ம கேட்டுக்கு ஒரு கூரியர்காரர் வர்றார் சார். சபாபதி இருக்காரான்னு கேக்குறார். வாட்ச்மேன் இல்லைங்கிறார். யார் இல்லை?”

“சபாபதி.”

“கூரியர்காரர்?”

ஏகாம்பரநாதன் நாற்காலியை மறுபடி திரையின் பக்கம் திருப்பினார்.

எந்த நிரலும் தனியாக ஓடிவிடாது. எழுதவும் படிக்கவும் மணி பார்க்கவும் சி லைப்ரரி என்ற பொதுச் சரக்கறையின் உதவி அதற்கு வேண்டும். அந்த லைப்ரரியோடு நிரலைச் சேர்த்துவைக்க லோடர் என்று ஓர் ஆள் உண்டு. எந்த லோடர் வேண்டும் என்பது நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கும். ஏகாம்பரநாதன் தன் நிரலைத் திறந்து, அது யாரைத் தேடி வந்திருக்கிறது என்று பார்த்தார். பழைய போர்டின் பெரிய லைப்ரரியுடைய லோடர் பெயர் இருந்தது. புது போர்டில் இருந்ததோ சின்ன லைப்ரரி. அதன் லோடருக்கு வேறு பெயர்.

இல்லாதது நிரல் அல்ல, சபாபதிதான் என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. வங்கிக் காலத்துச் சாமர்த்தியமும் கூடவே வந்தது. பழைய லோடரின் பெயரில் ஒரு சுட்டியை உண்டாக்கி, அதைப் புது லோடரை நோக்கித் திருப்பிவிட்டார். நிரலின் பெயரைத் தட்டினார்.

ஓடியது. நிற்க வேண்டிய வெப்பம் முப்பத்தேழு புள்ளி ஐந்து என்று திரையில் வந்தது.

அவர் நாச்சிமுத்துவின் எண்ணைத் தேடிக்கொண்டே, செய்ததை ஜெனோவாவிடம் விவரித்தார். ஜெனோவா பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தார்.

“வாட்ச்மேன் சட்டையில சபாபதின்னு பேட்ஜ் குத்திட்டீங்க.”

“வேலை நடக்குதே மேடம்.”

ஜெனோவா மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்துவந்து, ஹீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார். வெப்பமானியை அதன் பக்கத்தில் கட்டினார். பல்பு எரிந்தது, சூடு ஏறியதும் அணைந்தது, ஆறியதும் எரிந்தது. போனை மேஜையில் வைக்கும்படி ஏகாம்பரநாதனிடம் சைகை காட்டிவிட்டு மறுபடி பற்றவைக்கப் போனார்.

எரிவதும் அணைவதும் பத்து நிமிடம் ஒழுங்காக நடந்தது. பிறகு பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. திரையில் நிரல் இல்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் செத்திருந்தது. அணைக்கச் சொல்ல ஆளில்லாமல் பல்பு மட்டும் எரிந்தது.

ஏகாம்பரநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெப்பமானி நாற்பத்தொன்றைத் தாண்டியபோது எழுந்துபோய்த் தானே பிளக்கைப் பிடுங்கினார். பேட்ஜ் வேலை உதவாது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மணி பன்னிரண்டு. நாச்சிமுத்துவிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஏனுங்க, கண்ணு சொருகுதுங்க. ஊட்டுக்காரி இப்பத்தான் சோறாக்கப் போயிருக்கா. ஆச்சுங்களா?”

இன்னும் ஆகவில்லை என்று சொல்ல ஏகாம்பரநாதனுக்கு நாக்கு எழவில்லை. மூன்று மணிக்கு என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை குறுக்கு வழி தேடவில்லை. மூல நிரலை எடுத்து, புது போர்டின் சின்ன லைப்ரரிக்கென்றே முதலிலிருந்து கம்பைல் செய்து கட்டினார். சுட்டியை அழித்தார். எச்சரிக்கை ஏழு வந்தது, ஏழையும் படித்துத் திருத்தினார். வங்கியில் யாரும் எச்சரிக்கைகளைப் படித்ததில்லை. அங்கே அவை நூற்றுக்கணக்கில் வரும்.

பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. பத்தாவது நிமிடம் எரிந்தபடி நின்றுவிட்டது.

“நேர்மையாத்தானே மேடம் செஞ்சேன்,” என்றார் ஏகாம்பரநாதன். “இந்தச் சின்ன லைப்ரரிக்கு என்மேல என்ன கோபம்?”

“பத்தாவது நிமிஷத்துல உங்க புரோகிராம் என்ன செய்யும்?”

“ஒண்ணும் இல்லை. வெப்பக் கணக்கைச் சேமிக்கும். அதுக்குத் தனியா ஒரு த்ரெட் தொடங்கும்.”

“அந்த த்ரெட் என்ன எடுத்துக்கிட்டு வரும்?”

த்ரெட் என்பது பெரிய வேலைக்குப் பக்கத்திலேயே நடக்கும் சின்ன வேலை. அதற்கென்று நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கப்படும். ஏகாம்பரநாதனுடைய த்ரெட், இருபத்தொரு நாளின் வெப்பக் கணக்கையும் ஒரே அட்டவணையாக அந்த இடத்தில் விரித்துவைக்கும். முந்நூறு கேபி. மூன்று வருஷத்துக்கு முன் எழுதும்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. வங்கிக் கணினியில் முந்நூறு கேபி என்பது மேஜைமேல் விழுந்த ரொட்டித் துகள்.

“எவ்வளவு இடம் வேணும்னு யார்கிட்டக் கேட்டீங்க சார்?”

“கேக்கலை. இருந்துது. விரிச்சேன்.”

ஜெனோவா புது லைப்ரரியின் கையேட்டை அவர் பக்கம் தள்ளினார். இடம் கேட்காத த்ரெட்டுக்கு நூற்று இருபத்தெட்டு கேபி என்று அதில் ஒரு வரி இருந்தது. பழைய கையேட்டை ஏகாம்பரநாதன் தானே தேடி எடுத்தார். எட்டு எம்பி, அதாவது எட்டாயிரம் கேபிக்கும் மேல் என்றிருந்தது. இரண்டு எண்களையும் அவர் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கழித்தல் போடத் தேவையிருக்கவில்லை.

“காலையிலேயே உங்களுக்கு இது தெரியுமா மேடம்?”

“தெரிஞ்சிருந்தா பல்பு எதுக்கு?”

ஏகாம்பரநாதன் நிரலில் ஒரு வரி சேர்த்தார். இந்த த்ரெட்டுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு கேபி வேண்டும் என்று முறையாகக் கேட்கும் வரி. கட்டி, ஏற்றி, ஓடவிட்டார். ஒன்பதாவது நிமிடம் எழுந்து நின்றுகொண்டார். பத்தாவது நிமிடம் பல்பு அணைந்திருந்தது. சற்றுப் பொறுத்து எரிந்தது. அணைந்தது. இருபதாவது நிமிடமும், முப்பதாவது நிமிடமும் அப்படியே. கீழே டயர் கடையில் யாரோ எதற்கோ சிரித்ததற்கு இங்கே ஏகாம்பரநாதனும் சேர்ந்து சிரித்தார்.

பல்லடத்தில் பெட்டியை மாட்டி முடிக்க மூன்றரை ஆனது. நாச்சிமுத்து சுவிட்சைவிட்டுக் கையை எடுக்கவில்லை. இனி அது பார்த்துக்கொள்ளும் என்று ஜெனோவா சொன்னபோதும் எடுக்கவில்லை. அவர் மனைவி பழனாத்தாள் வந்து விரல்களைப் பிடித்து இழுத்தார்.

“உடுங்க. அது உங்களையவிட நல்லாத்தான் பாக்குது.”

ஹீட்டர் தானாக நின்றது. தானாகப் போட்டுக்கொண்டது. ஏகாம்பரநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடம் கடந்ததை நாச்சிமுத்துவிடம் சொல்லத் திரும்பியபோது, அவர் தீவன மூட்டையில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கியிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று பழனாத்தாள் தலையை ஆட்டினார். மூவரும் சத்தமில்லாமல் மோர் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பொரிப்பகத்திலிருந்து போன் வந்தது. முதலில் பேச்சே கேட்கவில்லை, கீச்சுக் கீச்சென்ற இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்கு நடுவில் நாச்சிமுத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுக்குள் தங்கிவிட்டவை எப்போதும்போல் சில நூறுதான், மிச்சம் எல்லாம் வந்துவிட்டன என்பது புரிந்தது. ஏகாம்பரநாதன் போனைக் காதிலிருந்து எடுத்து, ஜெனோவாவுக்கும் கேட்கும்படி மேஜை நடுவில் வைத்தார். பேச இடமில்லை, அவ்வளவு இரைச்சல்.

பிறகு அவர் நிம்மதியாக உட்கார்ந்து பழுதுப் பதிவேட்டைத் திறந்தார். அந்தப் பட்டறையில் ஒவ்வொரு பழுதையும் அதைத் தீர்த்தவரே எழுதிவைக்க வேண்டும் என்பது முறை. காரணம் என்ற கட்டத்தில், புது போர்டின் லைப்ரரி மிகச் சிறியது என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். அதை அடித்துவிட்டு, நிரல் தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது என்று எழுதினார். அடித்து எழுதியதில் அவருக்கே ஒரு பெருமை. கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டை ஜெனோவாவிடம் நீட்டினார்.

ஜெனோவா முழுவதையும் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். தேதி மட்டும் தப்பு.”

ஏகாம்பரநாதன் எட்டிப் பார்த்தார். பழுது ஏற்பட்ட நாள் என்ற கட்டத்தில் செவ்வாய்க்கிழமையின் தேதி இருந்தது. சுவர் நாட்காட்டியோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமைதானே மேடம்?”

“அது தெரியவந்த நாள்.”